மா காய்க்கும் வரை: திருகோணமலையில் மலையகக் குடும்பங்களின் பழவளவுகள்

ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பழத்தோட்டம் வைத்திருக்கிறது என்றால் அதற்கு உறுதி இருக்கும், நில அளவைப் படம் இருக்கும், பாட்டன் பெயரிலிருந்து பேரன் பெயருக்குக் காணி மாறிய பதிவு இருக்கும். அவற்றை வைத்து வரலாற்றை எழுதிவிடலாம். மலையகத்திலிருந்து திருகோணமலை மாவட்டத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களிடம் இந்தக் கடதாசிகள் பெரும்பாலும் கிடையாது. பலருக்கு அவை கொடுக்கப்படவே இல்லை. கொடுக்கப்பட்டவர்களில் பலர் வீடு எரிந்தபோது அவற்றையும் இழந்தார்கள். எஞ்சியிருப்பவை கிணறும் மரங்களும்தான். அந்த மரங்களின் வயதை அரசியல் நிகழ்வுகளின் ஆண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு கிடைக்கிறது. அந்தக் கணக்கை எழுதிவைப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் மரங்களின் காலத்தைப் பார்ப்போம். காட்டை வெட்டி எரித்து ஒரு கொட்டில் போட்டவுடன் நடப்படுவது பப்பாசியும் வாழையும். பப்பாசி ஒன்பது, பத்து மாதத்தில் பழம் தரும். வாழை ஒரு வருடத்தில் குலை தள்ளும். இரண்டும் பிள்ளைகளின் வயிற்றுக்கு. நாளைக்கே எழுந்து போகச் சொன்னாலும் பெரிய இழப்பில்லை. அடுத்த மழையில் கொய்யா, தேசி, மாதுளை. இவை பலன் தர இரண்டு முதல் நான்கு வருடம் வேண்டும். பிறகுதான் மாவும் பலாவும் தென்னையும். ஒட்டு மா என்றால் மூன்று நான்கு வருடத்தில் பூக்கும். ஆனால் எழுபதுகளில் காட்டுக்குள் வந்தவர்களுக்கு ஒட்டுக்கன்று எங்கே கிடைத்தது? தின்ற மாம்பழத்தின் கொட்டையைத்தான் புதைத்தார்கள். கொட்டை மா காய்க்க ஆறு, ஏழு, சிலவேளை பத்து வருடம்கூட ஆகும். தென்னைக்கு ஆறு ஏழு. பனையை நடுகிறவர் பன்னிரண்டு வருடத்துக்குக் குறைவாக எதையும் எதிர்பார்க்க மாட்டார்.

ஆகவே ஒரு வளவில் என்ன மரம் நிற்கிறது என்பது, அதை நட்டவர் அந்த மண்ணில் எத்தனை வருடம் இருக்கலாம் என்று நம்பினார் என்பதைச் சொல்லிவிடும். வாழை மட்டும் நட்டவர் ஒரு வருடத்தை நம்பியிருக்கிறார். பலா நட்டவர் தன் மகளின் கலியாணத்தை அந்த வளவிலேயே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இந்தக் குடும்பங்கள் எங்கிருந்து வந்தவை என்பது பலரும் அறிந்த கதை. ஆனாலும் காணி என்ற கோணத்திலிருந்து அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1830களில் கோப்பிக்காகவும், 1867க்குப் பிறகு தேயிலைக்காகவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள். அவர்களின் வாயில் ‘தோட்டம்’ என்ற சொல் நூறு ஆண்டுக்கு மேலாக வழங்கியது. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு மரமும் அவர்களுடையதாக இருக்கவில்லை. லயத்தின் பின்பக்கம் ஒரு கொய்யாவோ முருங்கையோ வளர்ந்தால் அது துரையின் பொறுமையால் வளர்ந்தது. லயக் காம்பரா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் காம்பராவும் போகும், கொய்யாவும் போகும்.

1935இல் நிறைவேறிய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் வறண்ட வலயத்தில் அரச காணிகளை விவசாயிகளுக்குப் பகிர்ந்தளிக்க வழி திறந்தது. அந்த வழி ‘இலங்கையர்’ என வரையறுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே. தோட்டத் தொழிலாளி அந்த வரையறைக்குள் வரவில்லை. பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனோ அதற்கு முந்திய இரு தலைமுறையினருமோ இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே இல்லாத லயங்களில் அந்த நிரூபணத்துக்கு யார் எங்கே போவார்கள்? 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பிரசை உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964இல் சிறிமா – சாஸ்திரி உடன்பாடு மிச்சமிருந்த 9,75,000 பேரை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் கதி பின்னர். அந்தப் பின்னர் 1974இல் வந்தது. 75,000, 75,000 என்று பாதி பாதியாக.

இதே ஆண்டுகளில் பசிபிக் கடலின் மறுகரையில் வேறொரு புலம்பெயர் குடும்பம் பழத்தோட்டம் வைத்த கதையை இங்கே சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகருக்கு அருகே டெல் ரே என்ற ஊரில் மசுமோட்டோ குடும்பம் பீச் பழமும் திராட்சையும் பயிரிடுகிறது. பாட்டனும் பாட்டியும் ஜப்பானிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் காணி வாங்கக் கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் போட்டிருந்தது. 1942இல் அமெரிக்க மேற்குக் கரையின் ஜப்பானியக் குடும்பங்கள் எல்லாம் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. இந்தக் குடும்பம் அரிசோனாவின் கீலா நதி முகாமில் இருந்தது. அதே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. ஒரு போரின் இரண்டு முனைகள். போர் முடிந்து 1948இல் மகன் காணி வாங்கினார். பேரன் டேவிட் மஸ் மசுமோட்டோ, சந்தையில் விலைபோகாமல் ஒதுக்கப்பட்ட ஒரு பீச் ரகத்தைக் காப்பாற்றப் போராடியதை 1995இல் நூலாக எழுதினார். இன்று அவரது மகள் அதே நிலத்தைப் பார்க்கிறார்.

அந்த மகனால் எப்படி வாங்க முடிந்தது? பெற்றோருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டாலும் அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அது தானாக வந்தது. நான்காம் தலைமுறை வரை அந்தத் தோட்டம் ஒரு குடும்பத்தின் கையில் நிற்பதற்கு மண்வளமும் உழைப்பும் மட்டும் காரணமல்ல. பிறப்பால் வரும் குடியுரிமை அதன் அடியில் இருக்கிறது. அவர் காணி வாங்கிய அதே 1948இல் இலங்கையின் பாராளுமன்றம் இந்த மண்ணில் பிறந்த பிள்ளையிடமிருந்து அந்த உரிமையை எடுத்துவிட்டது. இங்கே மசுமோட்டோக்கள் உருவாகாததற்கு உழைப்பில் குறை தேடுவது அநியாயம்.

மலையகத்திலிருந்து வடக்கு, கிழக்குக்கு இறங்கிய பெருநகர்வு எழுபதுகளில் நடந்தது. 1972இன் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் தொழிலாளிக்கு ஒரு பேர்ச் காணியும் தரவில்லை. பல இடங்களில் லயத்திலிருந்தே துரத்தின. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 ஓகஸ்ட் வன்முறை வந்தபோது இனி மலையில் இருக்க முடியாது என்று பல்லாயிரம் பேர் முடிவெடுத்தார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, திருகோணமலை என்று பரவினார்கள். திருகோணமலையில் அவர்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் துறைமுகத்தின் மேற்கிலும் வடக்கிலும் இருந்த காட்டோரங்களுக்கு: அநுராதபுரம் வீதியில் பன்குளம், கன்னியாவின் சுற்றுப்புறம், வடக்கே குச்சவெளிப் பக்கம்.

அவர்களைக் குடியமர்த்துவதில் முன்நின்றது காந்தியம் அமைப்பு. அதைக் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராசசுந்தரமும் எழுபதுகளின் நடுப்பகுதியில் தொடங்கினார்கள். பாலர் பாடசாலை, பிள்ளைகளுக்குப் பால்மா, கிணறு, விதை, கைத்தொழில் பயிற்சி என்று அதன் வேலை அமைதியாக நடந்தது. வந்தவர்களுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரியும், கவ்வாத்து வெட்டத் தெரியும். ஆனால் நான்கு மாதம் மழை, எட்டு மாதம் வெயில் என்ற நிலத்தில் பயிர் செய்வது அவர்களுக்குப் புதிது. சுற்றியிருந்த பழைய கிராமத்தவர்களிடமிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெங்காயம் செய்தவர்களிடமிருந்தும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கற்றலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். திருகோணமலையில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட சூடான காற்று இலையைப் பொசுக்கும், மாம்பிஞ்சை உதிர்க்கும். கரையோர மணலில் துரவு தோண்டினால் சில முழத்தில் தண்ணீர் வந்துவிடும். உள்ளே போகப் போகக் கருங்கல். அங்கே கிணறு என்பது ஒரு குடும்பத்தின் இரண்டு வருட உழைப்பு. மண்ணை வெட்டி, கல்லுக்கு வெடி வைத்து, தகர்ந்ததைக் கூடையில் ஏற்றி, வாளியால் இறைத்து மறுபடி வெட்டி, கடைசியில் ஒரு வெடிப்பில் ஊற்று கசியும்வரை இறங்க வேண்டும். அப்படிக் கிடைத்த தண்ணீரை மாங்கன்றுக்கு மொண்டு ஊற்ற மனம் வராது. அதனால் அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய பழைய பானையைக் கன்றின் பக்கத்தில் புதைப்பார்கள். ஒரு பானைத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் வேருக்குச் சொட்டும். வெயிலுக்கு மேற்கே ஒரு கிடுகு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் முள்ளு அடைப்பு. இப்படி மூன்று கோடையைக் கடந்த மரத்துக்கு அதன்பிறகு தண்ணீர் தேவையில்லை. வேர் தானே தேடிக்கொள்ளும்.

பூக்க மாவுக்கு ஒரு வறட்சி வேண்டும். ஈரமாகவே இருந்தால் தளிர்த்துக்கொண்டே போகுமே தவிர பூக்காது. மழை ஓய்ந்து நிலம் காயும் தை, மாசியில் பூத்து, வைகாசி தொடக்கம் ஆடிவரை பழுக்கும் கிழக்கின் மாவுக்கு இந்த வறண்ட நிலம் உண்மையில் நல்ல நிலம். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விலாட், அம்பலவி எல்லாமே வறண்ட வலயத்தில்தான் சுவை கூடி வருகின்றன. மலைநாட்டின் குளிர் ஈரத்தில் மா நன்றாகக் காய்ப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் தங்கள் பெயரில் முதல் மாமரத்தை நட்டது இங்கே வந்துதான்.

காடும் தன் பங்குக்குக் கொடுத்தது. ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சள் நிறத்தில், வாயில் பிசின்போல ஒட்டும் தித்திப்பு. வீரைப்பழம், விளாம்பழம், நாவற்பழம். முதல் வருடங்களில் கையில் காசு பார்க்கப் பலருக்கு வழியாக இருந்தது காட்டுப் பழம் பொறுக்கி வீதியோரத்தில் வைத்து விற்பதுதான். திருகோணமலையின் ஊர்ப் பெயர்களில் பாலையூற்று, மாங்காயூற்று, ஆலங்கேணி, ஈச்சந்தீவு என்று மரமும் தண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது வருடச் சிறைவாழ்வுக்குப் பின் தப்பிப்போய் 1681இல் வெளியிட்ட நூலில் இந்தத் தீவின் பழங்களுக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கினார். அவர் பிடிபட்ட இடம் என்று மூதூரில் இன்றும் ஒரு மரத்தடியைக் காட்டுகிறார்கள்.

இனி நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன்.

1977 ஓகஸ்டில் அடிபட்டு, 1978இன் மழைக்குள் பன்குளத்துக்கோ வேறொரு காட்டோரத்துக்கோ வந்து மாங்கொட்டை புதைத்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அது காய்க்க வேண்டிய காலம் 1984, 85. 1983 ஏப்ரலில் காந்தியத்தின் வவுனியாப் பணிமனை முற்றுகையிடப்பட்டது. டேவிட்டும் இராசசுந்தரமும் கைதானார்கள். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர்தப்பி, மட்டக்களப்புச் சிறையிலிருந்து அந்தச் செப்டெம்பரில் நடந்த சிறையுடைப்பில் வெளியேறி இந்தியா போனார். முப்பது வருடத்துக்கும் மேல் அங்கே வாழ்ந்து, 2015இல் திரும்பி, அதே ஆண்டு கிளிநொச்சியில் காலமானார். 1983இன் அந்த நாட்களில் பன்குளத்து மலையகக் குடும்பங்களும் வன்முறையால் துரத்தப்பட்டன. மாங்கன்றுக்கு வயது ஐந்து.

மாவட்டத்தின் வடக்கு எல்லையிலும் அதற்கப்பாலும் நடந்தது இன்னும் கொடூரம். அறுபது, எழுபதுகளில் அரச காணியை நீண்ட குத்தகைக்கு எடுத்துத் தமிழ் வர்த்தகர்களும் கம்பனிகளும் நடத்திய பண்ணைகளில் டொலர் பண்ணையும் கென்ட் பண்ணையும் அடங்கும். அங்கே வாழ்ந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. இடம் சிங்களக் கைதிகளின் திறந்தவெளிச் சிறையாக்கப்பட்டது. 1984 நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் இரு பண்ணைகளையும் தாக்கி 62 பேரைக் கொன்றார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். தொடர்ந்த நாட்களில் இராணுவம் சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்கள்மீது பாய்ந்தது. ஒதியமலையில் ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருகோணமலை மாவட்டத்தின் வடகோடிக் கிராமமான தென்னமரவடி அந்த டிசம்பரில் வெறிச்சோடியது. கால் நூற்றாண்டுக்கு அதில் விளக்கு எரியவில்லை. இந்தப் பண்ணைகள் இருந்த மணலாறு 1988இல் வெலிஓயா என்று பெயர் மாறியது. கொல்லப்பட்ட கைதியின் குழந்தையும் கொல்லப்பட்ட கிராமத்து விவசாயியும் ஒரே காணித் தகராற்றின் பலிகள்.

1983க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் 1985இலும், 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தை நம்பியும் மறுபடி நட்டார்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்கள் காடுகளுக்கும் முகாம்களுக்கும் ஓடின. பலர் வள்ளமேறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அகதிகளாக இந்தியாவுக்குத் திரும்பிய விசித்திரம் அப்படி நடந்தது. 1985க்கும் 1990க்கும் இடையில் ஐந்து வருடம். கொட்டை மா அப்போதும் காய்த்திருக்காது. 2002 போர்நிறுத்தத்தை நம்பி நட்டவர்களுக்கு 2006இல் மாவிலாற்றிலிருந்து வெடித்த போர் வந்தது. நாலு வருடம்.

1978 – 83, 1985 – 90, 2002 – 06. மூன்று தடவையும் ஒரு கொட்டை மா காய்க்க எடுக்கும் காலத்தைவிடக் குறைவான அமைதி. முப்பது வருடத்தில் நட்டு நட்டு ஒரு பழம்கூடப் பறிக்காத கைகள் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கின்றன. உயிரிழப்பையும் வீடிழப்பையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மரத்தின் காலத்துக்கும் மனிதருக்குக் கிடைத்த காலத்துக்கும் இருந்த இந்த இடைவெளியைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. பழத்தோட்டம் ஏன் உருவாகவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

துரத்தப்பட்டவர்கள் இல்லாதபோதும் சில மரங்கள் வளர்ந்தன. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வாழை செத்தது, பப்பாசி விழுந்தது. மூன்று கோடையைக் கடந்திருந்த மாவும் புளியும் பனையும் பற்றைக்குள் நின்றன. 2009க்குப் பிறகு திரும்பியவர்கள் தங்கள் வளவைக் கண்டுபிடித்தது அந்த மரங்களைக் கொண்டுதான். எல்லைக் கல் மறைந்திருந்தது, வேலி மக்கியிருந்தது. கிணற்றுக் கட்டும் மாவும் நின்றன. காணித் தகராறு விசாரணைகளில் அதிகாரிகள் பார்ப்பதும் அதைத்தான்: பழைய அத்திவாரம், கிணறு, நிரந்தரப் பயிர். 2013இல் காணி ஆணையாளர் நாயகம் வடக்கு, கிழக்கு அரச காணிப் பிரச்சினைகளுக்காக வெளியிட்ட சுற்றறிக்கை, பத்திரம் தொலைந்தவர்கள் வேறு சான்றுகளைக் காட்ட இடம் தந்தது. 2016இன் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே தொடக்கம் 2009 மே வரை துரத்தப்பட்டிருந்தவர்களின் தனியார் காணியைப் பிறர் பத்து வருடம் ஆண்டதாகச் சொல்லி உரிமை கோருவதைத் தடுத்தது. ஆனால் அது உறுதி உள்ள காணிக்கு. அரச காணியில் இருந்த மலையகக் குடும்பத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர்களின் வளவில் இருபது வருடமாக வளர்ந்த காட்டை வனத் திணைக்களம் தன் காடு என்றால், அதற்கு எதிராகக் காட்ட அவர்களிடம் ஒரு மாமரம் மட்டும்தான் உண்டு.

துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இன்னொரு பளு இருக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957வரை தளத்தை வைத்திருந்தது. சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன, பெரும்பாலானவை காட்டுக்குள் வரிசையாக. 1984இல் துறைமுகத்தைச் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் நிலம் துறைமுக அதிகார சபையின் பெயருக்கு எழுதப்பட்டது. அதற்குள் பயிர் செய்துகொண்டிருந்த விவசாயிகள் அன்றிலிருந்து அத்துமீறியவர்கள் ஆனார்கள். சீனக்குடாவுக்கு அருகே முத்துநகரில் 1970களிலிருந்து வயல் செய்துவந்தவர்கள் 2025இல் சூரிய மின்திட்டத்துக்காக வெளியேற்றப்பட்டு, திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்னால் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் மலையகத்தவர் அல்லர். ஆனாலும் கதை ஒன்றே. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர் மக்கள் 2006இல் துரத்தப்பட்டு, ஊர் முதலீட்டு வலயமாகி, 818 ஏக்கருக்கான அந்த வர்த்தமானி 2015இல் இரத்தாகும்வரை முகாம்களில் காத்திருந்தார்கள். அழகும் ஆழமும் கொண்ட துறைமுகம் பக்கத்தில் இருப்பது ஒரு விவசாயிக்கு வரம் அல்ல.

சரி, 2009க்குப் பிறகு என்ன நடந்திருக்கிறது? முதல் தடவையாக மரம் காய்த்திருக்கிறது. திரும்பியவுடன் நட்ட ஒட்டு மா இப்போது முழுப் பலனில் நிற்கும் வயதில் இருக்கிறது. கொட்டை மாவும் காய்க்கத் தொடங்கிவிட்டது. கொட்டை மாவை வெட்டி அதன்மேல் கறுத்தக்கொழும்பான் ஒட்டும் வேலையை இளைஞர்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு ஏக்கரில் எட்டு மீற்றர் இடைவெளியில் நட்டால் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட மாமரம் நிற்கும். அது ஒரு குடும்பத்துக்குத் தோட்டம்தான். மலையகத்தில் வீட்டுத் திட்டங்களில் பலருக்குக் கொடுக்கப்பட்ட 7 பேர்ச் காணியை நினைத்துப் பாருங்கள். 7 பேர்ச் என்பது 177 சதுர மீற்றர். வீடே கட்டாமல் விட்டாலும் இரண்டு மாமரம் நின்றால் நிறைந்துவிடும்.

யானை இருக்கிறது. வாழையையும் தென்னங்குருத்தையும் ஒரே இரவில் துடைத்துவிட்டுப் போகும். யானை தோடை, தேசி இனங்களை விரும்புவதில்லை. வஸ்கமுவப் பக்கத்தில் ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு வீடுகளைச் சுற்றித் தோடை நட்டு, பழத்தை விற்று வருமானமும் பார்க்கும் திட்டத்தைப் பல வருடமாக நடத்துகிறது. பன்குளம் போன்ற யானைப் பாதைகளில் அதை ஏன் இன்னும் பரவலாகச் செய்யவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. தேசிக்குச் சந்தையும் உண்டு, வேலியும் ஆகும்.

விற்பனையில் பழைய சிக்கல் தொடர்கிறது. பூத்தவுடன் வியாபாரி வந்து மரத்தைப் பார்த்து மொத்தமாக விலை பேசி முற்பணம் கொடுத்துவிடுகிறார். பங்குனியில் பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் காசு தேவைப்படும் குடும்பம் ஆனியில் வரும் விலைக்குக் காத்திருக்க முடியாது. பழம் முற்றுமுன் பிடுங்கப்பட்டுத் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்விடும். வங்கிக் கடன் எடுத்துக் காத்திருக்கலாமே என்றால், காணி அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. பேர்மிட் காணியை அடமானம் வைப்பது இலகுவல்ல. பேர்மிட்டும் இல்லாதவருக்கு வங்கி வாசலே இல்லை.

மரம் காய்த்த பிறகு வரும் கேள்வி, அது யாருக்குப் போகும் என்பது. 1935இன் சட்டம் காணி துண்டுபடக் கூடாது என்று நினைத்தது. ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்க வேண்டும். குறிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணையின் காலத்துக்குப் பின் மூத்த ஆண்மகனுக்கே முன்னுரிமை. பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி கொடுப்பது கிழக்கின் பழைய வழக்கம். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வீடு மகளுக்குத்தான். அந்த வழக்கத்தின்மேல் இந்தச் சட்டம் எண்பது வருடத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கந்தளாயிலும் அல்லையிலும் ஐம்பதுகளில் குடியேற்றப்பட்ட சிங்கள, முஸ்லிம், தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் மூன்றாம் தலைமுறை இந்த முடிச்சில்தான் நிற்கிறது. 2022இன் திருத்தம் ஆணுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கியது. நல்ல திருத்தம், மிகவும் பிந்தி வந்தது. கிணற்றுக்கு மண் சுமந்ததிலும் கன்றுக்குப் பானையில் தண்ணீர் நிரப்பியதிலும் பெண்களின் பங்கே அதிகம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பிந்துதல் உறுத்தும்.

குடியுரிமைக் கேள்வி 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. 2024 பெப்ரவரியில் ‘உறுமய’ திட்டம், அனுமதிப்பத்திரக் காணிகளை முழு உரிமை உறுதியாக மாற்றித் தருவதாக அறிவித்தது. அறிவிப்பு பெரிது. ஆனால் பேர்மிட்டோ அளிப்போ ஏற்கெனவே கையில் இருப்பவருக்குத்தான் அது. முதல் படியிலேயே நிற்கும் மலையகக் குடும்பங்கள் இன்னும் காணிக் கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள் என்று பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்கின்றன.

கூப்பிடும் நாளில் குடியேற்ற உத்தியோகத்தர் வளவுக்கு வந்து அளவெடுத்து, என்ன கட்டடம், என்ன கிணறு, என்ன நிரந்தரப் பயிர் என்று குறிப்பார். அதற்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பியில் எந்த மரம், யார் நட்டது, எந்த வருடம், எப்போது எரிந்தது, அடியிலிருந்து எப்போது மறுபடி துளிர்த்தது என்று வயதானவர்கள் இருக்கும்போதே எழுதி, கிராம அலுவலரின் கையொப்பமும் வாங்கி வைக்கலாம். உள்ளூர்ப் பாடசாலைகளும் நூலகங்களும் இதைத் தங்கள் வேலையாக எடுக்க வேண்டும். 1978இல் கொட்டை புதைத்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.